பெயர் வெட்டிய கொப்பரை

அந்த இட்லிக் கொப்பரை என்னுடையது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல வேண்டிய நாளில் நான் சொல்லவில்லை. அதனால் வந்ததுதான் இத்தனையும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு கோப்பிக் கடையின் ஐந்தடி நடைபாதையில் காலை ஆறரையிலிருந்து பத்து வரை இட்லி விற்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக அதே இடம், அதே கொப்பரை. பித்தளை. இரண்டு தட்டு. ஒரு ஈட்டுக்கு நாற்பத்திரண்டு இட்லி. அலுமினியத்தில் அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எவர்சில்வரில் அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. கனமான பித்தளையில் ஈரத்துணி விரித்து அவித்த இட்லிதான் வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் கடை போடுகிறேன்.

ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். வாங்க வருகிறவர்கள் விரலைக் காட்டுவார்கள், நான் தலையாட்டுவேன். அந்தக் கோப்பிக் கடையை நடத்தி, தேத்தண்ணி கலக்கும் அண்ணன் இதை வைத்தே காலையில் நாலு பேரைச் சிரிக்க வைப்பார்.

“தங்கச்சிகிட்ட நலம் விசாரிக்காதீங்க லா. இட்லி ஆறிப்போயிடும், பதில் வராது.”

என் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் ‘சரி’. சட்னி தீர்ந்துவிட்டது என்று யாராவது கோபித்தாலும் சரி. நாளைக்கு வருகிறேன் என்று சொன்னாலும் சரி. எதிரில் நிற்பவர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காக நான் போடும் சத்தம் அது.

கொப்பரையின் கழுத்துக்குக் கீழே, வெளிப்பக்கம், புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. நான் பதினோரு ஆண்டு சமையல் வேலை செய்த வீட்டு ஆச்சியின் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு நாள் யாரோ ஒரு பெண் என் கடையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டாள். ஆவி, துணி, இட்லி, அப்புறம் அந்தப் பெயரைக் கிட்டத்தில். அதை ஆச்சியின் மகன் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் நேரில் வந்தார்.

அவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதற்கு முந்தின ஓராண்டு என் கையால் சாப்பிட்டவர். இப்போது நாற்பதை நெருங்குகிறார். கோலாலம்பூரில் இருக்கிறார். காரை ரோட்டோரம் இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டு, விளக்கு மின்ன, இறங்கி வந்தார்.

“அக்கா, என்னை ஞாபகம் இருக்கா?”

தலையாட்டினேன்.

“அம்மா வீட்ட ஹோட்டலா மாத்துறோம்கா. சின்னதுதான், பத்து ரூம். உள்ள நுழைஞ்ச உடனே பழைய பித்தளைச் சாமான் எல்லாத்தையும் வரிசையா வைக்கப் போறோம். வீடு ஃபுல்லா தேடிட்டேன், அம்மா பேரு போட்ட சாமான் ஒண்ணுகூட இல்ல. உங்ககிட்ட இருக்கிற இது ஒண்ணுதான்.” கொப்பரையைத் தொடப் போய்ச் சூடு பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். “அம்மா உங்களுக்கு யூஸ் பண்ணக் குடுத்திருந்தாங்க, இல்லையா? நான் புதுசு வாங்கித் தர்றேன். ஸ்டெயின்லெஸ். லேசா இருக்கும், தூக்குறது ஈசி.”

“சரி தம்பி” என்றேன்.

அவ்வளவுதான். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கார் மறையும் வரை நான் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அண்ணன் தேத்தண்ணி இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி சரின்னுட்ட? உன் சொத்தைக் கேக்குறான், சில்லறை கேட்ட மாதிரி சரிங்குற?”

கொப்பரைக்குள் பார்த்தேன். அந்த ஈடு குழைந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ஒரு ஆள் வேனில் வந்து இறங்கினான். அட்டைப் பெட்டியில் புதிய எவர்சில்வர் பாத்திரம். அதை என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, பழையதைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்றான்.

“ஈடு வேகுது” என்றேன்.

சரி, வெந்து முடியட்டும் என்று காத்திருந்தான். முடிந்ததும் அடுத்த தட்டை ஏற்றினேன். அதுவும் வெந்தது. மறுபடி ஊற்றினேன். கொப்பரை நெருப்பில் இருக்கும் வரை யாரும் அதைத் தூக்க முடியாது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. வாங்க ஆளில்லாமல் இட்லி மலைபோலக் குவிந்தது. அண்ணன் தன் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே ஆளுக்கு இரண்டு வைத்தார்.

“சாப்பிடுங்க, சாப்பிடுங்க. இன்னைக்குத் தங்கச்சிக்குக் கோவம்.” வேன்காரனையும் விடவில்லை. “தம்பி, நீயும் ஒக்காந்து சாப்பிடு. இல்ல, அவசரம்னா அப்படியே சூட்டோட தூக்கிட்டுப் போ. கை ரெண்டு இருக்குல்ல?”

பதினோரு மணி வரைக்கும் அவித்தேன். மாவு வாளியின் அடி தெரிந்த நேரத்தில் வேன்காரனுக்குத் தொலைபேசி வந்தது, வேறு எங்கோ போக வேண்டும் என்று. எட்டு இட்லி சாப்பிட்டிருந்தான். போகும்போது எவர்சில்வர் பெட்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அதைச் சுமந்துகொண்டு அவன் போனதைப் பார்த்தபோது, என் வாழ்க்கையில் நான் யாரையாவது கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பியது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

பிறகு கடிதம் வந்தது. பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு லோயர் அலுவலகத்திலிருந்து, மலாயில். படிவம் மூன்று மலாய் போதுமானதாக இருந்தது. காலமான தாயார் எனக்கு இரவலாகக் கொடுத்த பித்தளைப் பாத்திரம் ஒன்றை நான் திருப்பித் தர மறுக்கிறேனாம். அது இரவல் என்பதை மகனிடம் நேரில், வாய்மொழியாக ஒப்புக்கொண்டேனாம். பதினான்கு நாளில் தராவிட்டால் வழக்காம்.

ஒப்புக்கொண்டேனாம். என் ஒரு ‘சரி’யை எடுத்து, கைவிலங்கு மாதிரி அடித்து, எனக்கே அனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடானது. இரவல் என்ற அந்தச் சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இரவல் வாங்கிய பொருளை ஒன்பது ஆண்டு திருப்பித் தராமல் வைத்திருப்பவளுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கொப்பரை எனக்கு வந்த விதத்தை எழுதுகிறேன்.

ஆச்சியின் கணவர் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் சாப்பிட ஆளில்லை. மகன் ஆஸ்திரேலியாவில் வேலையில் இருந்தார். நான் போய் இரண்டு இட்லி அவித்து, ஒன்றை ஆச்சி சாப்பிட்டு, ஒன்று மிஞ்சும். ஒரு நாள் காலை ஆச்சி சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே சொன்னார்.

“ஒத்த இட்லிக்கு ஒரு சமையக்காரியா? அசிங்கமா இருக்குடி. நீ போய் ஊருக்கு அவிச்சுப் போடு.”

வேலையை விட்டு அனுப்புகிறார் என்று நினைத்துக் கண் கலங்கினேன். அவர் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார். அந்த வாரமே பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவரை வீட்டுக்கு வரவழைத்தார். அந்த ஆள் சுத்தியலும் சின்ன உளியுமாகக் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்த இந்தக் கொப்பரையில் ‘டொக் டொக்’ என்று வெட்டினார். எந்த இடத்தில் என்று அவர் கேட்டதும், ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“வெளியிலதான். எல்லாரும் பாக்குற எடத்துல வெட்டு. குடுத்தது யாருன்னு தெரிய வேணாமா?”

நம் ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கல்யாண வீட்டில் கொடுக்கும் குத்துவிளக்கிலும் குடத்திலும் யார் பெயர் வெட்டியிருக்கும்? கொடுத்தவர் பெயர். பெண்ணின் பெயரா இருக்கும்? மாமா பெயர் போட்ட குடத்தை மாமா வந்து திருப்பிக் கேட்டால் ஊர் சிரிக்கும். சொந்தப் பாத்திரத்துக்கும் பெயர் வெட்டுவார்கள்தான், இரவல் போனால் அடையாளம் தெரிய வேண்டும் என்று. ஆனால் அதை அடியில் வெட்டுவார்கள், வீட்டு விலாசமாக, குடும்பப் பெயர்களின் முதலெழுத்தாக, இரண்டு மூன்று எழுத்தில். கவிழ்த்தால்தான் தெரியும். பதினோரு ஆண்டு அந்த வீட்டுச் சாமான்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் துலக்கியவள் நான்.

கடை திறந்த நாளில் ஆச்சி பேச்சாவில் வந்து இறங்கினார். அந்த மூன்று சக்கர வண்டி முழுக்கக் கொப்பரைதான், அதற்குப் பின்னால் ஆச்சியின் தலை மட்டும் தெரிந்தது. அண்ணன்தான் ஓடிப்போய்ப் பிடித்து இறக்கினார். கொப்பரைக்கு மஞ்சள் குங்குமம், உள்ளே வெற்றிலை பாக்கு, ஒரு படி அரிசி.

“ரெண்டு கையால வாங்குடி. ஏன் பூமியப் பாக்குற? பூமியா குடுக்குது?”

இரண்டு கையால் வாங்கினேன். தெருவே பார்த்தது.

சமூக மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறார்கள் என்று அண்ணன்தான் விசாரித்துச் சொன்னார். போனேன். என் மகள் வயதில் ஒரு பெண் லோயர். கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

“அக்கா, மூணே கேள்விதான். குடுக்கணும்னு நெனச்சுக் குடுத்தாங்களா? கையில குடுத்தாங்களா? நீங்க வாங்கிக்கிட்டீங்களா?”

மூன்றுக்கும் தலையாட்டினேன்.

“அப்ப அது கிஃப்ட். குடுத்த நிமிஷத்தோட உங்க பொருள். குடுத்தவங்களே மனசு மாறி வந்தாக்கூட திருப்பித் தர வேணாம். மகன் வந்தா என்ன? சாட்சி இருக்கா?”

“கோப்பிக் கடை அண்ணன்” என்றேன்.

“நல்லது. ஆனா நீங்க ‘சரி’ன்னு சொன்னதப் பிடிச்சுக்குவாங்க. ஏன்கா சொன்னீங்க?”

“எனக்கு வேற சொல்ல வரல.”

அவள் சிரித்தாள். கேலியாக இல்லை. “எங்கம்மாவும் இப்படித்தான். சரி சரின்னே வீட்ட எழுதிக் குடுத்துட்டாங்க.” பிறகு பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “அவங்களோட பொருள் வேற ஏதாவது உங்ககிட்ட இருக்கா?”

இருந்தது.

மூன்று ஆண்டுக்கு முன், இருதய அறுவைக்கு மருத்துவமனைக்குப் போகும் முந்தின நாள், ஆச்சி என்னைக் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் தகர டப்பாவைக் கொடுத்தார். உள்ளே, மகன் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட வெள்ளி அரைஞாண், ஒரு ஜோடி தண்டை.

“இது அவனோடது. நான் திரும்பி வரலேன்னா சாமானைப் பிரிக்கிறவங்க இதைக் குப்பையில போட்டுருவாங்க. உன்கிட்ட இருக்கட்டும். அவன் கையில நீயே குடு.”

ஆச்சி திரும்பி வரவில்லை. சாவு வீட்டில் நான் பின் சந்தில் நின்றேன். முன் வாசலில் கார்களும் கண்ணாடி போட்டவர்களும். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்ட என்னால் முடியவில்லை. டப்பாவோடு வந்தேன், டப்பாவோடு திரும்பினேன். மறுநாள் அவர் விமானம் ஏறிவிட்டார். அப்புறம் எழுதலாம், யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்று மூன்று ஆண்டு ஓடிவிட்டது. அவர் கடைக்கு வந்த அன்றுகூட, வாயில் ‘சரி’தான் வந்தது, டப்பா வரவில்லை. இது என் குற்றம். இதில் நான் யாரையும் சாடப் போவதில்லை.

ஆனால் அந்த டப்பாவை நான் வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அலமாரியின் மேல்தட்டில், என் கல்யாணச் சேலைக்கு மேலே. ஒவ்வொரு தீபாவளிக்கும் எடுத்து, திருநீறு போட்டுத் துலக்கி, புதுத் துணியில் சுற்றி, பழையபடி வைப்பேன். கொப்பரைக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை. அதை நான் இரண்டு முறை கீழே போட்டிருக்கிறேன். ஒரு பக்கம் சப்பை. பிடி விட்டுப்போய், மோட்டார் பட்டறையில் கொடுத்து இரும்புப் பிடி வைத்துப் பற்றவைத்தேன். மூடிக்கு ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். என் பொருள், நான் அடிப்பேன், மிதிப்பேன், ஓட்டை விழுந்தால் அடைப்பேன். அடுத்தவர் பொருளில் ஒரு கீறல் விழ விடமாட்டேன். இந்த வித்தியாசம் தெரிய எனக்கு லோயர் வேண்டியதில்லை.

டப்பாவைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

“கண்டிப்பா திருப்பிக் குடுக்கணும்கா. ஆனா இப்பவே நீங்களா போய்க் குடுக்காதீங்க. நாங்க எழுத்துல, முறையா குடுக்கிறோம். இப்பப் போனா, ‘பாருங்க, எங்கம்மா எல்லாத்தையும் இவங்ககிட்டதான் வச்சிருந்தாங்க, கொப்பரையும் அப்படித்தான்’னு சொல்லிடுவாங்க.”

நியாயமான பேச்சு. “சரி” என்றேன். அந்தச் ‘சரி’யும் பழைய சரிதான்.

மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார். கேலி ஏதும் செய்யவில்லை.

“அது அமானிதம், தங்கச்சி. நம்பி உன் கையில குடுத்தது. குடுத்த ஆளு போயிட்டாங்க, அவங்க வந்து கேக்கப் போறதில்ல. அதனாலதான் அதோட கனம் ஜாஸ்தி.” கைகளைத் துடைத்துக்கொண்டார். “கொப்பரைக்கு நான் கோர்ட்டுல வந்து சொல்றேன், நான்தான் பேச்சாவுல இருந்து எறக்குனேன், இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு. டப்பாவுக்கு நீதான் போகணும்.”

பதின்மூன்றாம் நாள் கடை முடிந்ததும் கொப்பரையைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஒன்பது ஆண்டாகப் படிந்திருந்த கரியைப் புளி போட்டுத் தேய்த்தேன், பக்கங்களையும் சேர்த்து. எனக்கு ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். பிறகு டப்பாவை ஒரு பைக்குள் வைத்து, கடிதத்தையும் வைத்து, ஆச்சியின் வீட்டுக்கு நடந்தேன்.

முன் வாசல் வழியாகப் போனேன். பதினோரு ஆண்டு வேலை செய்த வீட்டில் முன் வாசலை அன்றுதான் மிதித்தேன்.

உள்ளே தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் செய்தித்தாள் விரித்து, அண்டா, குடம், தவலை, பானை எல்லாம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தாளில் எண் ஒட்டியிருந்தது. சில குடங்களில் செடி வைக்கத் துளை போட்டிருந்தார்கள். மகன் கையில் அளவு நாடாவோடு நின்றார்.

“அக்கா! கொண்டு வந்துட்டீங்களா?”

“இல்ல தம்பி. தர மாட்டேன்னு சொல்ல வந்தேன்.”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தச்சர்கள் சுத்தியலை நிறுத்தினார்கள்.

“அக்கா, இதுல சண்டை என்ன இருக்கு? அதுல எங்கம்மா பேரு இருக்கு. உங்க பேரா இருக்கு?”

“குடுத்தவங்க பேரைத்தான் வெட்டுவாங்க தம்பி. வாங்குனவங்க பேரை இல்ல.”

“அப்படியெல்லாம் நான் கேள்விப்பட்டதில்ல. பேரு யாரோடதோ பொருள் அவங்களோடது. சிம்பிள்.”

“அப்ப இதெல்லாம் யாரோடது?” வரிசையைக் காட்டினேன். “நீங்களே அன்னைக்கு சொன்னீங்க, வீடு ஃபுல்லா தேடியும் அம்மா பேரு ஒண்ணுலயும் இல்லன்னு. கவித்துப் பாருங்க.”

அவர் அசையவில்லை. நானே குனிந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். துலக்கிப் பழகிய கை, இருட்டில்கூடத் தடவிச் சொல்லும். பெரிய அண்டா, அடியில் மூன்று எழுத்து, அவர் அப்பா வீட்டு விலாசம். தவலை, அதே. குடம், வேறு மூன்று எழுத்து, அது ஆச்சியின் பிறந்த வீட்டு விலாசம், கப்பலில் வந்த சீர். அடுத்த அண்டா, அப்பா வீடு. பால் பானை, பிறந்த வீடு.

“நாப்பது வருஷம் இந்த வீட்ல இருந்தாங்க தம்பி. ஒரு கரண்டியிலயாவது அவங்க பேரு இருக்கா? ஒண்ணு மாமனார் எழுத்து, இல்ல தகப்பனார் எழுத்து. அவங்க தன் பேரை ஒரே ஒரு பொருள்ல வெட்டுனாங்க. அதையும் இந்த வீட்ட விட்டு வெளிய குடுத்துட்டாங்க. அது எனக்குக் குடுத்தது. தெருவே பார்த்துச்சு.”

அவர் அளவு நாடாவை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது ‘சர்ர்’ என்று உள்ளே ஓடியது.

“சரிக்கா, குடுத்தாங்கன்னே வச்சுக்குவோம். இந்த வீட்டுச் சாமானைத் தூக்கிக் குடுக்க அம்மாவுக்கு ரைட்ஸ் இருந்துச்சா? அது ஃபேமிலி பொருள்.”

கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். புளி போட்டுத் தேய்த்த அடிப்பாகம், நடுவில் ஆச்சியின் பிறந்த வீட்டு விலாசம். “சீர் சாமான். பொண்ணுக்குத்தான் சொந்தம். உங்கப்பா இருந்திருந்தாலும் இதைக் கேட்டிருக்க மாட்டாரு.”

படத்தைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்கலாம். லோயர் பெண் சொன்னபடி டப்பாவைப் பிறகு கொடுத்திருக்கலாம். ஆனால் பை கனத்தது. கவிழ்த்த குடத்தின் மேல் டப்பாவை வைத்தேன்.

“இது உங்களோடது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்கிட்ட ஒப்படைச்சாங்க. உங்க கையில குடுக்கச் சொன்னாங்க. மூணு வருஷம் தாமதம். அது என் தப்பு.”

திறந்தார். துணியைப் பிரித்தார். முகம் மாறியது. நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

“இதுவும் உங்ககிட்டயா? இன்னும் என்னென்னக்கா இருக்கு உங்ககிட்ட?”

இப்படிச் சொல்வார் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். தெரிந்தே வந்தேன். இருந்தாலும் வலித்தது.

அவர் தண்டையைத் திருப்பிப் பார்த்தார். “இதுல ஒரு மணி காணோம்.”

“காணாமத்தான் வந்துச்சு. நீங்க முழுங்கிட்டீங்க.”

“என்னது?”

“எட்டு மாசத்துல. ஆச்சி சொன்னாங்க. மூணு நாள் உங்க துணிய எல்லாம் அலசி அலசிப் பாத்தாங்களாம், கெடைக்கவே இல்லையாம். வேணும்னா உங்க வயித்துல தேடுங்க, என் வீட்ல தேடாதீங்க.”

தச்சர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

“எடுக்கிறவளா இருந்தா இதைக் குடுப்பேனா? இது என்கிட்ட இருக்குன்னு உலகத்துல யாருக்குத் தெரியும்? உங்களுக்கே தெரியாது. இது உங்க பொருள், அதனால கொண்டு வந்தேன். அது என் பொருள், அதனால கொண்டு வரல. ரெண்டையும் ஒரே கைதான் குடுத்துச்சு தம்பி. ஒண்ணுக்கு அந்தக் கையை நம்பி, இன்னொண்ணுக்கு நம்ப மாட்டேன்னு சொல்ல முடியாது.”

அவர் தண்டையை விரலில் மாட்டிக்கொண்டு நின்றார். அதில் அவர் இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. வெகு நேரம் மணியில்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

லோயர் கடிதத்தை எடுத்து, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு நீட்டினேன். “டப்பாவை வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னும் எழுதுங்க. மணி இல்லன்னும் எழுதுங்க.”

“என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?”

“கடுதாசி போட்டது நீங்கதானே?”

எழுதினார். தமிழ் எழுத வரவில்லை, மலாயில் நாலு வரி. கையெழுத்தும் போட்டார். வாசல்வரை கூட வந்தார். கொப்பரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பொருளை வைத்துக்கொள்ள நான் ஏன் அனுமதி கேட்க வேண்டும்?

லோயர் பெண்ணிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தாளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உங்க நேர்மைக்கு அவரே எழுதிக் குடுத்த சாட்சி இது, பத்திரமா வைங்கக்கா” என்றாள்.

பதினான்காம் நாள் போனது, யாரும் வரவில்லை. பதினைந்தாம் நாள் காலை கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். கடிதம் வந்த நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பியே வைத்துக்கொண்டிருந்தேன். திருடிய பொருளை மறைக்கிற மாதிரி. எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன். சப்பையான பக்கம்தான் இத்தனை நாளும் ரோட்டைப் பார்த்திருந்தது.

திருப்பி வைத்தேன். பெயர் ரோட்டைப் பார்த்தது. புளியால் தேய்த்ததில் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சென்று இருந்தது.

அண்ணன் பார்த்தார். எனக்குத் தேத்தண்ணி ஒன்று கொண்டுவந்து வைத்தார். கேட்காமல்.

எட்டு மணிக்கு வெளியூர்க்காரர் ஒருவர் நான்கு இட்லிக்கு விரல் காட்டிவிட்டு, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இது உங்க பேராம்மா?”

வழக்கம்போலத் தலையாட்டி அனுப்பியிருக்கலாம்.

“இல்லைங்க, குடுத்தவங்க பேரு” என்றேன், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. “கொப்பரை என்னோடது.”